சீகை மரக் கரியில் வார்ப்பிரும்பு உருக மாட்டேன் என்கிறது, எங்கே தப்பு?

கோத்தகிரி பட்டறை:
பாதி டிரம்முக்குள் களிமண் பூசி உலை கட்டியிருக்கிறேன். கீழே ஒன்றரை அங்குலக் குழாய், அதில் ஹேர் டிரையர். அலுமினியம் சட்டென்று கூழாகிவிடுகிறது. ஆனால் உடைந்த பம்பின் வார்ப்பிரும்புத் துண்டுகள் இரண்டு மணி நேரமாகியும் ஆரஞ்சு நிறத்தில் அப்படியே கிடக்கின்றன, ஓரம்கூட மழுங்கவில்லை. கரி நானே சுட்ட சீகைக் கரி (வாட்டில் மரம்). பொறுமை போய் விறகையே திணித்துப் பார்த்தேன், சூடு இன்னும் இறங்கிவிட்டது. இரும்புக்கு, நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கோக்தான் வேண்டுமா?

கொடைக்கானல் வார்ப்படம்:
கரி மேல் பழி போடாதீர்கள் தம்பி. 1709-ல் ஆபிரகாம் டார்பி கோக்கைக் கொண்டுவரும் முன் இங்கிலாந்தின் ஊதுலைகள் மரக்கரியில்தான் ஓடின. நம் பரங்கிப்பேட்டையில் 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய இரும்பாலையும் அப்படித்தான். பிரேசிலில் இன்றைக்கும் யூகலிப்டஸ் கரியில் இரும்பு எடுக்கிறார்கள். விறகு வேறு கதை, தன் ஈரத்தை விரட்டவே சூட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

அலுமினியத்துக்கு 660 டிகிரி போதும், வார்ப்பிரும்புக்கு 1,150-க்கு மேல் வேண்டும். அச்சில் ஊற்ற இன்னும் நூறு, நூற்றைம்பது கூடுதல். அதை ஹேர் டிரையர் தராது. மூசையை, அதாவது இரும்பை உருக்கும் கிண்ணத்தை, எங்கே வைக்கிறீர்கள்?

கோத்தகிரி பட்டறை:
நேராக உலைத் தரையில். குழாய் வாய் மூசையைப் பார்த்தபடி இருக்கிறது.

கொடைக்கானல் வார்ப்படம்:
அதான் விஷயம். குளிர்ந்த காற்று மூசையின் அடியிலேயே அடிக்கிறது. நல்ல சூடு குழாய்க்குச் சில அங்குலம் மேலேதான் இருக்கும். ஒரு ஃபயர் பிரிக் துண்டின் மேல் மூசையைத் தூக்கி வையுங்கள். குழாயைச் சாய்த்து, காற்று உலையின் சுவரையொட்டிச் சுற்றும்படி விடுங்கள். கரியை எலுமிச்சை அளவுக்கு உடைத்துப் போடுங்கள். ஸ்டீல் போல்ட் மட்டும் போட்டுவிடாதீர்கள், அதற்கு 1,450-க்கு மேல் வேண்டும்.

குன்னூர் லேத்:
அண்ணன் சொன்னதோடு இன்னும் சில விஷயம். நம் மலையில், கோத்தகிரி உயரத்தில், காற்று கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிது. அதனால் பெரிய பிளோயர் கட்டாயம். அப்புறம், மழைக்காலத்து மூடுபனியில் சாக்கிலிருக்கும் கரிகூட ஈரம் குடிக்கும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கிணுங் என்று ஒலித்தால் காய்ந்த கரி, தொப் என்றால் அடுப்பு மேட்டில் ஒரு நாள் காயட்டும். கொட்டகைக் கதவைத் திறந்தே வையுங்கள், கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது, ஆளைச் சாய்த்துவிடும். அச்சு மணலில் ஈரம் கூடினால் உருகிய இரும்பு தெறிக்கும்.

கோத்தகிரி பட்டறை:
இரண்டாவது முயற்சியில் உருகிவிட்டது! பழைய பட்டறை பிளோயர் ஒன்று கிடைத்தது. நாற்பது நிமிடத்தில் மூசைக்குள் பளபளவென்று ஆடியது, மேலே மிதந்த கிட்டத்தை (கசடை) வழித்துவிட்டு ஊற்றினேன். ஆனால் வார்த்த மெல்லிய தகட்டில் அரம் வழுக்குகிறது, ஒரு கீறல்கூட விழவில்லை.

கொடைக்கானல் வார்ப்படம்:
மெல்லிய வார்ப்பு சட்டென ஆறியதால் வெள்ளை இரும்பு என்னும் மிகக் கடினமான வகையாகிவிட்டது. அடுத்த முறை தடிமனாக வாருங்கள், அச்சிலேயே இரவு முழுக்க ஆறட்டும். இந்தத் தகட்டை உடைத்து மறுபடி மூசையில் போடுங்கள், வீணாகாது.