மறு: மாடல் ரெயில்ரோடிங் – ‘மாதிரி ரயில்வே’ என்று வைத்துக்கொள்ளலாமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ரயில்வேயைச் சிறிய உருவில் கட்டி ஓட்டும் பொழுதுபோக்கை ஆங்கிலத்தில் ‘மாடல் ரெயில்ரோடிங்’ என்கிறார்கள். அதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் எது என்று கேட்ட இந்த இழையில் இதுவரை வந்த முன்மொழிவுகள் மூன்று:

> பொம்மை ரயில் விளையாட்டு என்றால் எல்லோருக்கும் உடனே புரியும்.

> பிள்ளைத்தமிழில் சிறுதேர் இருக்கிறதே. அந்த வழியில் ‘சிறுதொடரி’ என்று வைக்கலாம்.

> ‘மாதிரித் தொடர்வண்டி இயக்கம்’ என்பது என் பரிந்துரை.

மூன்றும் வண்டியை மட்டுமே பார்க்கின்றன என்பதுதான் என் மனக்குறை. இதில் ஆழமாக இறங்கியவர்கள் ஒரு ரயில்வேயையே வீட்டுக்குள் கட்டி நடத்துகிறார்கள். தமிழில் ரயில் வேறு, ரயில்வே வேறு. ‘ரயில் வந்துவிட்டது’ என்கிறோம், ‘மாமா ரயில்வேயில் இருக்கிறார்’ என்கிறோம். நிலைய அதிபர், கைகாட்டி, கூட்ஸ் ஷெட், கால அட்டவணை எல்லாம் இரண்டாவது சொல்லுக்குள்தான் அடங்கும். ஆகவே ‘மாதிரி ரயில்வே’ என்பது என் முன்மொழிவு. தனித்தமிழ் வேண்டுவோர் ‘மாதிரி இருப்புப்பாதை’ என்று எழுதலாம், எனக்கு மறுப்பில்லை. பொருள் வண்டியில் சுருங்கிவிடக் கூடாது என்பதுதான் முக்கியம்.

சிறுதேர் அழகான சொல். ஆனால் அது குழந்தையின் பருவத்தோடு பிறந்த சொல். இங்கே நாம் பேசுவது பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்களைப் பற்றி. பாடகர் ராட் ஸ்டூவர்ட் அமெரிக்க நகரம் ஒன்றை மாதிரியாகக் கட்ட இருபது ஆண்டுகளுக்கு மேல் செலவிட்டவர். இசைப் பயணங்களின்போது கட்டட வேலைக்கென்றே ஹோட்டலில் தனியறை எடுத்துக்கொள்வார். 2019-இல் பிரிட்டிஷ் மாத இதழ் ஒன்றில் அந்தப் படங்கள் வெளிவந்தன. இதற்கு ‘பொம்மை’ என்ற சொல் போதாது.

எவ்வளவு ஆழம் வரை போகிறார்கள் என்பதைக் காட்ட, பாதையின் அகலம் பற்றிப் பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு கலைச்சொற்கள் அதிலிருந்தே கிடைக்கின்றன.

உலகில் மிகப் பரவலான மாதிரி, எச்ஓ எனப்படும் 1:87, அதாவது உண்மை உருவில் 87-இல் ஒரு பங்கு. அதன் தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் உண்மையான 1435 மில்லிமீட்டர் பாதைக்கு மிக அருகில் வந்துவிடும். பிரிட்டிஷ் என்ஜின்கள் உருவில் சிறியவை. அக்கால மோட்டார்கள் 1:87 அளவிலான என்ஜின் உடலுக்குள் அடங்கவில்லை. அதனால் உடலை மட்டும் 1:76 அளவுக்குப் பெரிதாக்கி, அதே 16.5 மில்லிமீட்டர் பாதையில் ஓட விட்டார்கள். அதுதான் ஓஓ. உண்மை ரயிலின் அளவுக்குப் பெருக்கிக் கணக்குப் போட்டால், இருக்க வேண்டியதைவிட அந்தப் பாதை ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் குறுகல். கடையில் வாங்கி ஓட்டுபவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் என்ஜினை முன்னிருந்து பார்த்தால், அகலமான உடலுக்கடியில் சக்கரங்கள் நெருங்கி ஒடுங்கி நிற்கும். அதைப் பொறுக்க முடியாதவர்கள் முதலில் 18 மில்லிமீட்டருக்குப் போனார்கள். அதுவும் போதாது என்றவர்கள் 1960-களில் கணக்கைக் கடைசித் தசமம் வரை கொண்டுபோய் 18.83 என்று நிறுத்தினார்கள்.

அந்த முடிவின் விலையைப் பாருங்கள். அப்படிப்பட்ட பாதை அப்போது கடையில் கிடைக்கவில்லை. குறுக்குக்கட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, தண்டவாளத்தைப் பிடிக்கும் சிறு தாங்கிகளை ஒட்டி, அளவுகோல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே தாமே போட வேண்டியிருந்தது. உண்மைச் சக்கரத்தின் விளிம்பைச் சுருக்கினால் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. பாதையில் சிறு மேடுபள்ளம் இருந்தாலும் சக்கரம் இறங்கிவிடும். அதனால் கட்டைவிரல் நீளமுள்ள வண்டியின் அடிச்சட்டத்துக்கும் ஸ்பிரிங் வைத்து, எல்லாச் சக்கரங்களும் எப்போதும் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி செய்கிறார்கள். கையிலிருக்கும் என்ஜின் அத்தனைக்கும் சக்கரம் மாற்ற வேண்டும். இவ்வளவும் 2.33 மில்லிமீட்டருக்காக. நான் இதை மதிக்கிறேன். கண்ணுக்குத் தவறாகப் படுவதைத் தவறு என்று சொல்லி, அதைத் திருத்தப் பல ஆண்டு உழைப்பைக் கொடுக்கிறார்களே, அதுதான் இந்தக் கலையின் ஆழம்.

இந்தக் கதையைத் தமிழில் சொல்ல முயன்றால் முதல் வரியிலேயே தடுக்கும். உருவம் எத்தனை மடங்கு சுருக்கப்பட்டது என்பது ஒன்று; தண்டவாளங்களுக்கு இடையிலான தூரம் மற்றொன்று. இரண்டுக்கும் ‘அளவு’ என்றே எழுதிவிடுகிறோம். முதலாவதை ‘அளவுவீதம்’ என்றும் இரண்டாவதைப் ‘பாதையகலம்’ என்றும் பிரிக்க வேண்டும். ‘அகலப்பாதை’ செய்தித்தாள்களில் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்ட சொல் என்பதால் பாதையகலத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நம் 1676 மில்லிமீட்டர் அகலப்பாதையை எச்ஓ அளவுவீதத்தில் செய்தால் பாதையகலம் 19.3 மில்லிமீட்டர் வர வேண்டும். இந்த வாக்கியம் இப்போது எந்தத் தடையும் இல்லாமல் ஓடுகிறது அல்லவா?

அடுத்து, இந்த இழையின் கடினமான சொல். இதில் ஈடுபட்டவர்கள் ‘ஆபரேஷன்’ என்கிறார்கள். ‘இயக்கம்’ என்று பரிந்துரைத்த நண்பர் இதை மனத்தில் வைத்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். இயக்கம் என்றால் அசைவு, அல்லது அமைப்பு. இங்கே நடப்பது வேறு.

ஒரு மாலையில் எட்டுப் பத்துப் பேர் கூடுவார்கள். ஒருவர் கட்டுப்பாட்டாளர். பல இடங்களில் அவர் வேறு அறையில், ஒரு வண்டியைக்கூடக் கண்ணால் பார்க்க முடியாத இடத்தில், தொலைபேசியும் தாளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் டிரைவர்கள், நிலைய அதிபர்கள், யார்டு பொறுப்பாளர்கள். சுவரில் ஒரு வேகக் கடிகாரம். நான்கு மடங்கு வேகம் வைத்தால் நம்முடைய கால்மணி நேரத்தில் அங்கே ஒரு மணி நேரம் கழிந்துவிடும். ஒவ்வொரு கூட்ஸ் வேகனுக்கும் ஓர் அட்டை, அட்டையின் பையில் ஒரு சரக்குச் சீட்டு. எங்கிருந்து, எங்கே, என்ன சரக்கு என்று அதில் எழுதியிருக்கும். சீட்டைப் புரட்டியும் தலைகீழாக்கியும் செருகினால் நான்கு பயணங்கள். இந்த வேகன் இன்று நிலக்கரியோடு மின்நிலையத்துக்குப் போகிறது, அடுத்த முறை காலியாகச் சுரங்கத்துக்குத் திரும்புகிறது. கூட்டம் முடிந்ததும் ஒருவர் எல்லாச் சீட்டுகளையும் அடுத்த பக்கத்துக்கு மாற்றி வைத்துவிட்டுப் போவார். அடுத்த மாதம் அத்தனை வேகன்களுக்கும் புது வேலை காத்திருக்கும். ஒற்றைப் பாதையில் எதிர் வண்டிக்காகக் கிராசிங்கில் நின்று, பத்துப் பன்னிரண்டு வேகன்களை உரிய தடங்களில் விட்டுவிட்டுத் திரும்ப ஒருவருக்கு மாலை முழுவதும் போய்விடும். அவர் களைத்து, மகிழ்ந்து வீடு திரும்புகிறார்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் மாதிரி ரயில்வே கட்டிய ஃபிராங்க் எலிசன் 1940-களிலேயே இதை நாடகத்தோடு ஒப்பிட்டு எழுதினார். வண்டிகள் நடிகர்கள் என்பது அவர் பார்வை. ஒஹையோ மாநிலத்தின் ஆலன் மெக்கிளெலண்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். நிலவறையில் இருக்கும் ரயில்வே அந்த நான்கு சுவர்களோடு முடிந்துவிடுவதில்லை, வெளியுலக ரயில்வேக்களோடு சரக்கு கொடுத்து வாங்குகிறது என்ற எண்ணத்தை அவர் பரப்பினார். அதற்காகக் காட்சிக்கு வெளியே சில தடங்களில் வண்டிகள் மறைந்து நிற்கும். அவைதான் ‘மற்ற ஊர்கள்’. இத்தடங்களுக்கு ‘அப்பால்தடம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘மறைதடம்’ என்பதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. மறைந்திருப்பது அதன் தன்மை மட்டுமே. ஊருக்கு அப்பால் உள்ள உலகமாக நிற்பதுதான் அதன் வேலை.

இங்கிலாந்தில் பீட்டர் டென்னி என்ற பாதிரியார் 1940-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் வளர்த்த ‘பக்கிங்ஹாம் கிளை’ என்ற மாதிரி ரயில்வேயில் இது இன்னும் நெருக்கமாகத் தெரியும். நிலையத்துக்கு நிலையம் மணி அடித்துச் செய்தி சொல்லி வண்டி அனுப்புவது பிரிட்டிஷ் ரயில்வே வழக்கம். அவரும் அப்படியே நடத்தினார். ஒரு முனையில் மணிக்குப் பதில் மணி அடித்து வண்டியை ஏற்றுக்கொள்பவர் அவருடைய மகன் கிறிஸ்பின். மகன் எப்போதும் அங்கே இருக்க முடியாதே. டென்னி அந்த மணிகளுக்குப் பதில் சொல்லும் இயந்திரம் ஒன்றைக் கட்டினார். அதற்குத் ‘தானியங்கிக் கிறிஸ்பின்’ என்று பெயர். வண்டி ஓடினால் போதும் என்றிருந்தால் அந்த இயந்திரம் தேவையில்லை. மணிக்கு மறுமணி வராமல் வண்டியை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

இந்த நடைமுறைக்கு நான் வைக்கும் சொல் ‘முறையோட்டம்’. முறை என்றால் ஒழுங்கு. வேலை முறை, என் முறை என்ற பொருளும் அதிலேயே கிடக்கிறது. இரண்டும் இங்கே பொருந்தும். கூடி நடத்தும் அந்த மாலை ‘முறையோட்ட அமர்வு’. இதற்கு எதிராக, வட்டப்பாதையில் வண்டியைச் சுற்றவிட்டு ரசிப்பதைச் ‘சுற்றோட்டம்’ என்று எழுத நினைத்தேன். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் குருதிச் சுற்றோட்டம் என்று அந்தச் சொல் உறுதியாக வேலை செய்துகொண்டிருக்கிறது. அதைத் தொட வேண்டாம். ‘வட்ட ஓட்டம்’ என்று எளிமையாகவே இருக்கட்டும்.

முன்மாதிரி பற்றி ஒரு சொல். பொறியியலில் ‘புரோட்டோடைப்’ என்பது விற்பனைக்கு முன் செய்து பார்க்கும் முதல் மாதிரி. மாதிரி ரயில்வேக்காரர்கள் அதே சொல்லால் தாங்கள் பார்த்துச் செய்யும் உண்மையான ரயில்வேயைக் குறிக்கிறார்கள். அகராதியை நம்பி ‘முன்மாதிரி’ என்று மொழிபெயர்த்தால், பென்சில்வேனியா ரயில்ரோடு என்ற பெரிய அமெரிக்க ரயில்வேயே ஏதோ சோதனைப் பொருள் போல ஆகிவிடும். இங்கே ‘அசல்’ என்பது போதும். அசலும் நகலும் என்று நாள்தோறும் சொல்கிறோம். ‘இந்த வேகனின் அசல் 1923-இல் கட்டப்பட்டது’ என்று எழுதினால் யாரும் தடுமாற மாட்டார்கள்.

ரயில்வேயில் வேலை பார்த்தவர்களின் சொற்களை முதலில் கேட்டுப் பெறுவோம் என்று நண்பர் ஒருவர் சொன்னதை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். செய்பவர்கள் இடும் பெயர்தான் நிலைக்கும். அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1946-இல் தொடங்கிய மாதிரி ரயில்வே மன்றம் இதற்குச் சான்று. மேசைக்கு மேலே சிலர் மலையும் ஊரும் செய்துகொண்டிருக்க, சைகையும் மின்சாரமும் பார்த்துக்கொண்ட குழு மேசைக்கு அடியில் தொலைபேசி ரிலேக்களையும் கம்பிகளையும் கொண்டு கட்டுப்பாட்டு அமைப்பைக் கட்டியது. தங்கள் பேச்சுக்கு அவர்கள் 1959-இல் ஒரு சொற்பட்டியலே தொகுத்தார்கள். ‘ஹேக்’ என்ற சொல் அங்கிருந்துதான் கணினி உலகுக்குப் போனது; அதன் வழிவந்த ஹேக்கருக்குத்தான் நாம் பிற்காலத்தில் ‘கொந்தர்’ என்று பெயர் வைத்தோம்.

கைகாட்டி, ஜல்லி, சிலிப்பர் கட்டை, ஷண்டிங், கிராசிங், பிரேக் வேன் ஆகியவற்றுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம் என்பது என் கருத்து. ரயில் பார்த்து வளர்ந்த எவருக்கும் இவை தெரியும்.

ஒரு சொல்லுக்கு மட்டும் எனக்கு உதவி வேண்டும். புது வேகனை வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் கிடந்தது போலச் செய்வதை ‘வெதரிங்’ என்கிறார்கள். கலிஃபோர்னியாவின் மான்டரேயில் மாதிரி ரயில்வே கட்டிய ஜான் ஆலன், மற்றவர்கள் என்ஜினைப் பளபளவென்று வைத்திருந்த காலத்திலேயே தன் வண்டிகளில் கரியும் துருவும் ஏற்றியவர். அவர் 1973-இல் இறந்த சில நாள்களில் அந்த ரயில்வே தீயில் அழிந்தது. இன்று புகைப்படங்களில்தான் பார்க்க முடியும். செய்முறை இது: நீர்க்கக் கரைத்த கருஞ்சாயத்தைப் பூசித் துடைத்துவிட்டால் பலகை இடுக்குகளில் மட்டும் கறுப்பு தங்கும். பிறகு சாக்குக்கட்டியைப் பிளேடால் சுரண்டி, அந்தப் பொடியைத் தூரிகையால் அடிப்பகுதியில் தட்டி, மேலே மங்கல் வார்னிஷ் அடிப்பார்கள். உலர்ந்த தூரிகையில் துளி வெளிர்நிறம் எடுத்து விளிம்புகளில் தேய்த்தால், கை பட்டுத் தேய்ந்த இடங்கள் எழும்பி வரும். இதற்குக் ‘காலப்பூச்சு’ என்று வைத்திருக்கிறேன். ஆனால் துருவும் கீறலும் பூச்சுக்குள் அடங்குமா என்ற ஐயம் இருக்கிறது. திரைப்படக் கலைத்துறையில் புதுச் சுவரைப் பழைய சுவராக்குபவர்களும், நாடக அரங்கத் திரை எழுதுபவர்களும் இந்த வேலைக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அந்தத் துறையில் பழக்கம் உள்ளவர்கள் கேட்டு எழுதுங்கள். அது வந்தபின் காலப்பூச்சை எடுத்துவிட்டு அதையே பட்டியலில் சேர்க்கலாம்.

அன்புடன்,
குழு உறுப்பினன்