ஏற்காட்டுல குடியிருக்கிற டீச்சர்களே, கொஞ்சம் வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். அடுத்த இடமாறுதல் கலந்தாய்வுல ஏற்காடு ஒன்றியத்தைக் கேட்கலாம்னு இருக்கோம். சேலத்துல இருந்து தினமும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்க என்னால ஆகாது. அஸ்தம்பட்டி தாண்டுறதுக்குள்ளயே எலுமிச்சம்பழத்தை மூக்குல வெச்சுக்கிற ஆளு நான்! அதனால மேலேயே வீடு வேணும். டவுன்ல எல்லாமே லாட்ஜ், ஹோம்ஸ்டேன்னு ஆயிடுச்சே, மாச வாடகைக்கு யாராவது தர்றாங்களா? நாகலூர், வாழவந்தி பக்கம் குடும்பத்தோட தங்கியிருக்கீங்களா? கோடையில தண்ணி எப்படி? மகள் இப்போ மூணாவது. எங்க பள்ளியிலயேதான் சேர்ப்போம். ஆறாவதுக்கு அப்புறம் எந்த அரசுப் பள்ளிக்கு பஸ் ஒழுங்கா வருதுன்னும் சொல்லுங்க. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத மருத்துவப் படிப்பு ஒதுக்கீட்டுக்கு ஆறுல இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில படிச்சிருக்கணுமே.