பகல்நேர மையத்துக்கு ஏன் நிலையான நிதி இல்லை?

தம்பிக்கு அக்கா:
என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையில் ஓரளவு கட்டுக்குள் இருக்கிறான். வார நாட்களில் ஒரு பகல்நேர மையத்துக்குப் போவான். அரசு மானியத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்துவது. மானியத்தை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். இந்த முறை உத்தரவு இழுத்துக்கொண்டே போகிறது, சம்பளம் வராமல் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போகிறார்கள். அங்கே ஒரு அம்மா இருந்தார். தம்பி சேர்ந்தாற்போல் இரண்டு நாள் வராவிட்டால் போன் செய்வார். எடுக்கவில்லை என்றால் வீட்டுக்கே வந்துவிடுவார். அவன் மாத்திரையை நிறுத்தியதை எனக்கு முன்னால் கண்டுபிடித்தவர் அவர்தான். இப்போது அவரும் இல்லை. ஆனால் மருத்துவமனையில் புதுக் கட்டடம் எழும்புகிறது! குடும்பங்கள் சேர்ந்து மனு கொடுக்கப் போகிறோம். என்ன கேட்பது?

கணக்குப்பிள்ளை:
அம்மா, நான் சுகாதாரத் துறைக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கட்டடம் ஒருமுறைச் செலவு. திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. ஆள் சம்பளம் வருஷம்தோறும் வரும் செலவு, நிதித்துறை அதைப் பார்த்தாலே முகம் சுளிக்கும். மொத்தப் பணமும் சொற்பம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, நாடுகள் சராசரியாகத் தங்கள் சுகாதார பட்ஜெட்டில் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே மனநலத்துக்கு ஒதுக்குகின்றன. நடுத்தர வருமான நாடுகளில் அந்தச் செலவிலும் 70 சதவீதத்துக்கு மேல் மனநல மருத்துவமனைகளுக்கே போகிறது.

"நிதியை உயர்த்துக" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் கோப்பு தூங்கிவிடும். மூன்றாண்டு ஒப்பந்தம் கேளுங்கள். அதைவிட முக்கியம், புதுப்பிப்பு உத்தரவு வரும்வரை பழைய தொகையே மாதாமாதம் தொடர வேண்டும் என்று கேளுங்கள்.

ஒத்தையடிப்பாதை:
மருத்துவமனைப் படுக்கைகளைக் குறைத்தால் பணம் தானாக வெளியே வந்துவிடாதா? இத்தாலி 1978-லேயே 180-ஆம் எண் சட்டம் போட்டு மனநல மருத்துவமனைகளை மூடத் தொடங்கியதே.

கணக்குப்பிள்ளை:
தானாக எங்கே வருகிறது, தம்பி! அங்கே திரியெஸ்தே நகரம் பெயர் வாங்கியதற்குக் காரணம், பழையதை மூடும்போதே 24 மணி நேர மையங்களையும் திறந்ததுதான். அமெரிக்காவில் 1963-ல் கென்னடி சமூக மனநல மையச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சுமார் 1,500 மையங்கள் என்பது திட்டம், பாதியளவுதான் வந்தன. கட்டப் பணம் கொடுத்தவர்கள் நடத்த நிலையான பணம் கொடுக்கவில்லை. மருத்துவமனைகள் மட்டும் காலியாகிக்கொண்டே போயின. வெளியே வந்தவர்களில் பலர் தெருவிலும் சிறையிலும் கிடந்தார்கள். இந்த அம்மா சொல்லும் கதையும் அதே ரகம்தான்.

தம்பிக்கு அக்கா:
சரி சார். இன்னொரு சந்தேகம். மையத்தின் மாத அறிக்கையைப் பார்த்தேன். வருகைப் பதிவு இருக்கிறது, நடத்திய பயிற்சிகளின் எண்ணிக்கை இருக்கிறது. அந்த அம்மா செய்த போன், வீட்டுக்கு வந்தது எதற்குமே கட்டம் இல்லை.

கணக்குப்பிள்ளை:
கட்டம் இல்லாத வேலைக்குப் பணம் கேட்கவும் முடியாது. மாத அறிக்கையில் வீட்டுச் சந்திப்புக்குத் தனிக் கட்டம் சேர்க்கச் சொல்லி மனுவிலேயே எழுதுங்கள். மையத்தில் சேர்வதற்கு முந்தைய வருஷம் எத்தனை நாள் மருத்துவமனையில் இருந்தார், சேர்ந்த பிறகு எத்தனை நாள் என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் வாங்கி இணையுங்கள். நோயாளிகளின் பெயர் வேண்டாம், வரிசை எண் போதும். அப்புறம், பட்ஜெட் மதிப்பீடு தயாராகும் முன்பே கொடுங்கள். அதற்குப் பிறகு போனால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள்.