மறு: "பூச்சி" வேண்டாம், வழு போதும் (கூடவே ஒரு புதுச் சொல்)

அன்பின் எல்லாருக்கும்,

கணினி நிரலில் வரும் கோளாறை ஆங்கிலத்தில் பக் (bug) என்கிறார்களே, அதற்குத் தமிழில் "பூச்சி" என்றே வைத்துவிடலாம் என்று சம்மாந்துறைக் காக்கா எழுதியிருந்தார், 1947இல் ஹார்வர்டின் மார்க் 2 கணினிக்குள் அந்துப்பூச்சி அகப்பட்ட கதையோடு. கதை நல்லதுதான், ஆனால் அந்தப் பூச்சியைப் பதிவேட்டில் ஒட்டிவைத்தவர்கள் பகிடிக்குத்தான் அப்படி எழுதினார்கள். பக் என்ற சொல் எடிசன் காலத்திலிருந்தே பொறியியலாளர் வாயில் இருந்தது. அதோடு காக்கா, உங்கள் பக்கத்து வயல்காரரிடம் போய்ப் பூச்சி என்றால் நெல்லில் விழுகிற அறக்கொட்டியானுக்கு என்ன மருந்து அடிக்கிறது என்றுதான் கேட்பார். பூச்சி வெளியிலிருந்து வருவது. செய்நிரலில் இருக்கும் கோளாறை நாங்களேதான் எழுதி வைத்திருக்கிறோம்.

வழு என்றால் குழப்பம் வரும் என்ற எதிர்ப்பு மட்டும் நியாயமானது. இந்தியாவில் எழுதுபவர்கள் பிழை, வழு இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள், இலங்கையில் நாங்களோ பாடசாலையிலேயே எல்லாவற்றுக்கும் வழு என்று படித்துவிட்டோம். ஆனால் உயர்தரப் பௌதிகவியலில் பூச்சிய வழு படித்தது ஞாபகமா? சிறு நீளங்களை அளக்கும் வேணியர் இடுக்கிமானியில் அந்த வழு இருந்தால், தாடைகளை ஒன்றும் வைக்காமல் மூடினாலும் அது பூச்சியத்தைக் காட்டாது. அளக்கிறவர் மேல் தவறில்லை, கருவிக்குள்ளேயே கோளாறு. எங்களுக்கு வேண்டிய பொருள் அதுதானே? ஆகவே கருவியின் கோளாறு வழு, திரையில் சிவப்பாக வருவது பிழைச்செய்தி. கையேடு ஒன்று சொல்ல நிரல் வேறொன்று செய்தால், திருத்த வேண்டியது கையேடு என்று முடிவான பிறகு கையேட்டு வழு. இதையே "ஆவணமாக்கல் வழு" என்று சொல்லி முடிக்கவே மூச்சு வாங்குகிறது.

இனி நான் சொல்ல வந்தது. களுவாஞ்சிகுடியில் என்னிடம் பைதன் என்ற நிரல் மொழி படிக்கிற ஒரு தம்பி போன கிழமை ஓடி வந்தான், "அண்ணா, பைதனில் வழு பிடித்துவிட்டேன்" என்று. எழுத்து மட்டும்தானா என்று பார்க்கும் இஸ்ஆல்ஃபா என்ற செயற்கூறுக்கு "பல" என்று கொடுத்தால் ஆம் என்கிறது, "பல்" என்று கொடுத்தால் இல்லை என்கிறது. எட்டு எழுத்துள்ள "மட்டக்களப்பு"க்கு நீளம் 12 என்கிறது. அவனுக்குக் கையெல்லாம் நடுக்கம், உடனே முறையிட வேண்டுமாம். இருந்து பைதன் கையேட்டை வாசித்தோம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கிற யுனிகோடில் "எழுத்து" என்ற வகையில் வருகிறவற்றை மட்டும்தான் எழுத்தாக எடுப்போம், யுனிகோட் தரத்தில் "ஆல்ஃபபெட்டிக்" என்று வரும் பண்பு இதிலிருந்து வேறு என்று அங்கே தெளிவாகவே எழுதியிருக்கிறது. எங்கள் புள்ளியும் உகரக் குறியும் அந்த வகையில் இல்லை, நீளம் எண்ணும்போது மட்டும் தனித்தனியாகச் சேர்கின்றன. கையேடும் நிரலும் ஒத்துப் போகின்றன, தமிழ் வாசிக்கிறவனுக்கு மட்டும் அது தப்பு.

இதை என்ன என்று சொல்வது? "வழு அல்ல" என்று சொல்லி விஷயத்தை மூடினால் பெடியனுக்கு முகத்தில் அடித்த மாதிரி. என் முன்மொழிவு வழுவமைதி. நன்னூலில் திணை, பால் தொடங்கி ஏழு வகை வழுவைச் சொல்லிவிட்டு, காரணம் இருந்தால் சிலதை ஏற்கவும் வழி விட்டிருக்கிறார்கள். பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது திணை வழுதான், ஆனால் உவப்பினால் சொன்னது, ஆகவே அமைதி. உவப்பு, உயர்வு, சிறப்பு, கோபம், இழிப்பு என்று காரணத்தையும் பெயர் சொல்லிக் கேட்கிற இலக்கணம் அது. அதனால்தான் இந்தச் சொல் எனக்குப் பிடிக்கிறது: வழுவமைதி என்று முத்திரை குத்துகிறவர் ஏன் என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். நேரமில்லை, ஆளில்லை என்று மூடுகிறவற்றுக்கு இந்த மரியாதை வேண்டாம், அதெல்லாம் கிடப்பில் போட்ட வழு.

வழுவைக் கண்டு எழுதி அனுப்புவதற்கு அக்கா கேட்ட "வழு முறைப்பாடு" எனக்குச் சரிவரவில்லை. பொலிசுக்குப் போகிற மாதிரி இருக்கிறது, யாரோ ஒருவர் மேல் குற்றம் சுமத்துகிற தொனி. எந்தப் பதிப்பு, என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது என்று நாலு வரி எழுதுவதற்கு வழு அறிக்கை போதும்.

பைதன் கையேட்டுப் பக்கங்களின் அடியில் வழு கண்டால் சொல்லச் சொல்லி ஒரு சின்னக் கேள்வி இருக்கிறதே, அதற்கு "வழு கண்டீர்களா?" என்று போட்டுப் பார்த்தேன். தம்பி "கண்டீங்களா" என்று மாற்றச் சொல்கிறான். காக்கா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?