மெல்லிய பருத்திக் காகிதம் பெங்களூரில் எங்கே கிடைக்கும்?

வணக்கம். டெக்சாஸில் இருக்கும் அண்ணன் 19ஆம் நூற்றாண்டு பாணி ஷார்ப்ஸ் ரைஃபிளில் இலக்குச் சுடும் போட்டிகளுக்குப் போகிறார். ஈயக் குண்டின் மேல் ஈரக் காகிதத்தை இரண்டு சுற்று சுற்றுவார்கள். காய்ந்ததும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். முனைகளைச் சாய்வாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பொருத்த வேண்டும். அதனால் தடிமன்தான் முக்கியம்: சுமார் 0.05 மி.மீ., தாளுக்குத் தாள் மாறக்கூடாது.

நம்மூர் கைவினைப் பருத்திக் காகிதம் அருமையானதுதான், ஆனால் இதற்கு ரொம்பத் தடிமன். பளபளப்புப் பூச்சு உள்ளதும் ஆகாது.

அவென்யூ ரோடு, சிக்பேட் பக்கம் ஆனியன்ஸ்கின் தாள் (வெங்காயத் தோல் போல மெல்லிய தாள்) வைத்திருக்கும் கடை யாருக்காவது தெரியுமா? ரீம் வேண்டாம், சில தாள் போதும். அப்புறம், அச்சகத்தில் வேலை பார்ப்பவர்கள் இருந்தால், நார் ஓடும் திசையைத் தாளில் எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் சொல்லுங்கள். அண்ணன் அடுத்த மாதம் வருகிறார், கையோடு கொடுத்தனுப்ப ஆசை.