எல்இடிக்கு ரெசிஸ்டர் வேண்டுமா, வேண்டாமா: கோடை முகாம் பொருள் பட்டியல் பற்றி

தும்பி:
ஆய்வகத்தையே பார்க்காத பிள்ளைகளுக்கான 5 நாள் அறிவியல் முகாம். 24 பேர், வயது 9 முதல் 12 வரை. முதல் நாளுக்கு சிஆர்2032 பட்டன் செல் (3 வோல்ட்) 30, 5 மி.மீ. எல்இடி 100 (சிவப்பு, பச்சை, நீலம்), ஒட்டும் செம்பு நாடா, தடித்த அட்டை, காகிதக் கிளிப். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்னப் பாகமான ரெசிஸ்டரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். முதல் அரை மணியில் விளக்கு எரிந்தால்தான் மறுநாள் வருவார்கள். அதன் மதிப்பைக் காட்டும் வண்ணப் பட்டையைப் படிக்கச் சொன்னால் பாதிப் பேர் கழன்றுகொள்வார்கள். பட்டன் செல்லுக்கு ரெசிஸ்டர் தேவையே இல்லை.

ஓம்விதி:
"தேவையே இல்லை"யாம்! ரெசிஸ்டர் இருக்கிறது ஐயா, செல்லின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கிறது. புது செல்லிலேயே அக மின்தடை 10 ஓமுக்கு மேல். தீரத் தீர ஏறும். சிவப்பு எல்இடி 1.9 வோல்ட்டில் நின்றுவிடும், மீதி 1.1 வோல்ட்டைச் செல்லே தின்று தீர்க்கிறது. தயாரிப்பாளர்கள் அந்தச் செல்லுக்குச் சொல்லும் வழக்கமான சுமை 0.2 மில்லிஆம்பியர். நீங்கள் இழுப்பது அதைப்போல நூறு மடங்கு.
பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? எல்இடியை நேராக மாட்டலாம் என்று. மறுநாள் இரண்டு ஏஏ பேட்டரி கொடுப்பீர்கள். அதன் அக மின்தடை ஒரு ஓம்கூட வராது. சிவப்பு எல்இடி சுடும், மங்கும், சாகும். 9 வோல்ட்டில் மாட்டினால் "டப்" என்று வெடிக்கவும் கூடும், சில்லு கண்ணுக்கு வரலாம். வசதியான பள்ளியில் 100 ஓம் ரெசிஸ்டரோடு முழுச் சுற்று, இவர்களுக்கு மட்டும் அரைச் சுற்றா?

ஈயப்பற்று:
வந்துட்டாருய்யா சட்டாம்பிள்ளை. 100 ஓம் போட்டு 9 வோல்ட்ல மாட்டிப் பாருங்க. 9லேர்ந்து 2 போனா 7, 100 ஓம்ல வகுத்தா 70 மில்லிஆம்பியர். எல்இடி தாங்கறது 20. அப்பவும் அதே சாவுதான். உங்க ரெசிஸ்டர் யாரைக் காப்பாத்துச்சு?

ஓம்விதி:
100 என்றது 3 வோல்ட்டுக்கு. பிள்ளை எதை எதில் மாட்டும் என்று தெரியாத இடத்தில் 470 ஓம் போட வேண்டும். 9 வோல்ட்டில் 15 மில்லிஆம்பியர், 3 வோல்ட்டில் 2.3. இரண்டிலும் எரியும். ஒரே மதிப்பு என்பதால் வண்ணப் பட்டை படிக்கும் வேலையும் கிடையாது.

ஈயப்பற்று:
அடடே, ஒரே நாள்ல 100 போய் 470 வந்தாச்சு. நாளைக்கு எவ்வளவு? நீல எல்இடிக்கு 3 வோல்ட் கிட்ட வேணும், அதுக்கு முன்னாடி 470ஐ நிறுத்தினா மின்மினிப் பூச்சிக்கு ஜலதோஷம் பிடிச்ச மாதிரி மினுக்கும். பிள்ளை "என்னோடது எரியலை"ன்னு அழும். அப்ப ஓம் விதியைப் பாட்டா பாடிக் காட்டுவீங்களா?

ஓம்விதி:
மங்கல் வேறு, எரியாமை வேறு. குறைந்த மின்னோட்டத்தில் நீலத்துக்கு 2.7 வோல்ட் போதும். எரியும்.

மெய்ப்பு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பொருளின் பெயர் மின்தடையம். மின்தடை என்பது அதன் பண்பு. தமிழில் எழுதிக்கொண்டு "ரெசிஸ்டர்" என்பது எதற்கு?

ஈயப்பற்று:
கடையில மின்தடையம் 100 கொடுங்கன்னு கேட்டுட்டு வந்து சொல்லுங்க, நாங்க காத்திருக்கோம்.

மெய்ப்பு:
பாடநூலில் அப்படித்தான் இருக்கிறது. முகாமில் ஒரு சொல், தேர்வில் வேறு சொல் என்றால் குழம்பப்போவது நீங்கள் அல்ல, பிள்ளைகள்.

தறி:
முதலில் ஒன்று தெரிய வேண்டும். இந்த முகாம் யாருக்கு? ஆய்வகம் இல்லாத பள்ளிப் பிள்ளைகளுக்கா, வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கா, பெண் பிள்ளைகளுக்கா? ஒவ்வொன்றுக்கும் ஏற்பாடு மாறும். நாலு பேருக்கு ஒரு மடிக்கணினி வைத்தால் துணிந்தவன் மவுஸைப் பிடித்துக்கொள்வான், மற்ற மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள். இருவருக்கு ஒன்று, 10 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றம், அதற்கு மணி அடிக்க ஒரு ஆள். தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு வரும் அக்காக்களுக்குச் சின்னவர்களைப் பார்க்கத் தனியாக ஒருவர். பட்டியலில் இதெல்லாம் எங்கே?

ஓம்விதி:
அதை அப்புறம் பேசலாம். 470 போட்டால் நீலம் எரியும் என்கிறேன், பதில் இல்லை.

தும்பி:
பதில் இல்லாமல் இல்லை, வேலை இருக்கிறது. 24 பிள்ளைகள் என்றால் 24 ரெசிஸ்டர் இணைப்பு. செம்பு நாடாவில் கோளாறு வருவதே இணைப்பில்தான். நாடாவின் பசைப்பக்கம் பல சுருள்களில் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. மூலையில் வெட்டி ஒட்டினால் அங்கேயே அறுந்துவிடும். வெட்டாமல் மடித்துத் திருப்ப வேண்டும். எல்இடி காலை நாடாவின் மேல் வைத்து இன்னொரு துண்டால் அழுத்தி, நகத்தால் தேய்க்க வேண்டும். இதோடு ரெசிஸ்டருக்கு இரண்டு கால் கூடுதல். எரியவில்லை என்றால் எந்த இணைப்பு என்று தேடப்போவது யார்?

ஈயப்பற்று:
முன்னாடி நாள் ராத்திரியே எல்இடியோட நீட்டுக் கால்ல ரெசிஸ்டரைப் பற்றவைச்சு, மேல சூடு பட்டா சுருங்கற பிளாஸ்டிக் குழாய் போட்டுக் கொடுத்தா கதை முடிஞ்சுது.

ஓம்விதி:
அதாவது ஒளித்துவைக்க வேண்டும்! செல்லுக்குள் ஒளிந்திருந்தது போதாதென்று இனிக் குழாய்க்குள். மேலும், பற்றவைப்பு பற்றி நீங்கள் பேசலாமா? போன கோடையில் பிள்ளைகள் கையில் 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம் கலந்த பற்றவைப்புக் கம்பி) கொடுக்கலாம் என்று மல்லுக்கு நின்றவர் நீங்கள்தானே?

ஈயப்பற்று:
ஈயம் கலந்தது 190 டிகிரிக்குள்ள உருகும், ஈயமில்லாதது 217க்கு மேலன்னு சொன்னேன். கை கழுவணும்னும் சொன்னேன். அந்த வரியை மட்டும் உங்க கண்ணு படிக்காது.

மெய்ப்பு:
பற்றவைக்கும் அந்த உலோகத்துக்குப் பற்றாசு என்று ஒரு சொல் உண்டு.

தறி:
பட்டன் செல் 30 என்கிறீர்கள். 20 மி.மீ. செல்லைச் சின்னக் குழந்தை விழுங்கினால் தொண்டைக்குழாயில் சிக்கிக்கொள்ளும். 2 மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும். முகாமுக்கு 3 வயதுத் தம்பி வருவான். எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்க வேண்டும். அட்டையோடு வீட்டுக்கு அனுப்பவே கூடாது. திருகு வைத்து மூடிய ஏஏ பெட்டி இதைவிட நல்லது.

ஓம்விதி:
பார்த்தீர்களா! ஏஏ பெட்டி என்றாலே ரெசிஸ்டர் வந்தாக வேண்டும். என் கட்சிக்கு ஒரு ஆள் சேர்ந்தாயிற்று.

தறி:
நான் எந்தக் கட்சியிலும் இல்லை. செல்லை எண்ணச் சொன்னேன்.

ஓம்விதி:
இன்னொன்றையும் கேளுங்கள். எந்தப் பிள்ளையும் ஒரு விளக்கோடு நிற்காது. சிவப்பும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே செல்லில் இணைக்கும். சிவப்பு, செல்லின் மின்னழுத்தத்தை 2 வோல்ட் பக்கம் இழுத்துவிடும், நீலம் அணைந்துவிடும். "நீலம் கெட்டுப்போச்சு" என்று பிள்ளை அதைத் தூக்கிப் போடும். சிவப்புக்கு 470 ஓம் போட்டுப் பாருங்கள்: அது இழுப்பதே 2 மில்லிஆம்பியர், செல் 2.9 வோல்ட்டில் நிற்கும், இரண்டும் எரியும். ரெசிஸ்டர் எதற்கு என்று பாடம் எடுக்கவே தேவையில்லை, கண்ணெதிரே தெரியும். மறுபடி சொல்கிறேன்: ரெசிஸ்டர் வேண்டும்.

தும்பி:
ஒரு அட்டைக்கு ஒரு நிறம் என்று சொல்லிவிட்டால் போயிற்று.

ஓம்விதி:
பிள்ளைகளிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

ஈயப்பற்று:
ஆக 470 சிவப்புக்கு மட்டும், நீலத்துக்கு இல்லை. எல்லாத்துக்கும் ஒரே மதிப்புன்னு சொன்னது யாரு?

ஓம்விதி:
நீலத்துக்கும் போடலாம், எரியும் என்று மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

ஈயப்பற்று:
மினுக்கும்.

ஓம்விதி:
எரியும்.

தும்பி:
பட்டியல் அப்படியே இருக்கிறது. 24 பேருக்கு 4 தன்னார்வலர் போதுமா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

ஓம்விதி:
ரெசிஸ்டர் இருந்தால் போதும்.