நிச்சயதார்த்த வைர மோதிரம்: கடை போட்டுத் தந்த எஸ்டிமேட் நியாயமா?

தாமிரபரணிக்காரன்

அண்ணாச்சிமாரே, ஐப்பசியில தம்பிக்கு நிச்சயம். பொண்ணுக்கு வைர மோதிரம் போடணும்னு பேச்சு. டவுன் ரத வீதியில ஒரு கடையில எஸ்டிமேட் போட்டுத் தந்திருக்காவ. இன்னும் அட்வான்ஸ் குடுக்கல. தங்க ரேட்டு தினமும் மாறுததால அதை மட்டும் முழு எண்ணா வச்சு, மொத்தத்தையும் அதுக்குத் தக்கன மாத்திருக்கேன். மத்ததெல்லாம் சீட்டுல உள்ளபடி. வைரத்துக்கு கேரட்ங்கது எடை, 100 சென்ட் ஒரு கேரட்.

18 கேரட் தங்கம், மொத்த எடை 3.920 கிராம் × 10,000 = 39,200
சேதாரம் 18% = 7,056
செய்கூலி = 3,500
நடுக்கல் 50 சென்ட், கேரட் 2,20,000 வீதம் = 1,10,000
சுத்துக்கல் 12, சேர்த்து 12 சென்ட், கேரட் 80,000 வீதம் = 9,600
சர்டிபிகேட் = 1,500
ஹால்மார்க் = 45
ஜிஎஸ்டி 3% = 5,127
ஆக 1,76,028

நடுக்கல்லுக்கு ஐஜிஐங்க வைரச் சோதனை லேப் தந்த சர்டிபிகேட் காட்டுனாவ. அதுல ரவுண்ட், 5.02 – 5.05 × 3.12 மி.மீ., எடை 0.48, ஜி கலர், தெளிவு விஎஸ் 2, கட் (வெட்டு) எக்ஸலண்ட்னு இருக்கு. எடையைக் கேட்டா "அரை கேரட் சைஸ்தான்"ங்காவ. கேரட்டுக்கு 15% தள்ளுபடி போகத்தான் இந்த விலையாம். தங்கத்துக்கு போர்டுல ரேட்டு எழுதிப் போட்டிருக்கு. வைரத்துக்கு எதை வச்சு நியாயமான விலைன்னு பாக்கது?

நோட்டக்காரர்

தம்பி, முதல்ல நடுக்கல் வரியைத் திருத்தச் சொல்லுங்க. சர்டிபிகேட் 0.48 என்றால் சீட்டிலும் 0.48தான் இருக்கணும். லேப்காரங்க எடையைக் கூட்டி எழுத மாட்டாங்க. ஜிஐஏ என்ற அமெரிக்க லேப் கணக்கில் மூணாவது தசமம் 9 ஆக இருந்தால்தான் மேலே ஏத்துவாங்க, 0.498 உள்ள கல்லுக்கும் 0.49 என்றுதான் சர்டிபிகேட் வரும். "அரை கேரட் சைஸ்" என்பது பேச்சுக்குச் சரி, பில்லுக்கு ஆகாது.

நீங்க போட்ட அளவை வச்சே எடையைச் சரிபார்க்கலாம். ரவுண்ட் கல்லுக்கு விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, 0.0061 ஆல் பெருக்கினால் கேரட் ஏறக்குறைய வந்துடும். 5.035 × 5.035 × 3.12 × 0.0061 = 0.482. ஆக சர்டிபிகேட்டில் உள்ள அளவும் எடையும் ஒத்துப்போகுது. சீட்டில் உள்ள 50தான் ஒட்டல.

ரெண்டு சென்ட்தானே என்று விடாதீங்க. அதே ரேட்டில் பார்த்தாலே 4,400 ரூபாய், ஜிஎஸ்டியோட 4,532. இதைவிடப் பெரிய விஷயம், கேரட் ரேட்டே மாறணும். வைரத்தில் ஒரு கேரட்டுக்கான விலை எடையோட சீராக ஏறாது, படிக்கட்டு மாதிரி ஏறும். வியாபாரத்தில் 30 முதல் 39 சென்ட் ஒரு படி, 40 முதல் 49 ஒரு படி, 50 முதல் 69 ஒரு படி, 70 முதல் 89 ஒரு படி, 90 முதல் 99 ஒரு படி, 1 கேரட்டுக்கு மேல் வேற படி. 48 சென்ட் கல் 40-49 படியில் வருது. அதுக்கு 50 சென்ட் படியின் ரேட்டைப் போட்டிருக்காங்களா என்றுதான் நீங்க கேக்கணும். கேரட்டுக்கு 10,000 இறங்கினாலே உங்க கல்லில் 4,800 குறையும்.

கல்லைக் குறை சொல்லல. நல்ல வெட்டில் 50 சென்ட் கல் 5.1 மி.மீ. விட்டத்தில் இருக்கும், உங்களது 5.03. விரலில் போட்டால் வித்தியாசம் தெரியாது. உயரம் விட்டத்தில் 62%, அதுவும் நல்ல அளவு. 65, 66% என்று ஆழமாக வெட்டின கல்லில் எடை அடியில் போய் உக்காந்துக்கும். காசு முழு எடைக்கு, பார்வைக்கு மட்டும் சின்னதாத் தெரியும். 48 சென்ட் வாங்குறது புத்திசாலித்தனம்தான், 48 சென்ட் விலையில் கிடைச்சால்.

இப்ப உங்க கேள்விக்கு வாரேன். வைரத்துக்கும் ஒரு விலைப்பட்டியல் இருக்கு, ராபபோர்ட் என்று பேர், வாராவாரம் வரும், கேரட்டுக்கு இத்தனை நூறு டாலர் என்று போட்டிருக்கும். ஆனா மொத்த வியாபாரத்தில் பெரும்பாலான கற்கள் அந்தப் பட்டியலுக்குக் கீழேதான் கைமாறுது. "லிஸ்ட் விலைக்கே தாறேன்" என்று ஒரு கடை சொன்னால் அது சலுகை இல்லை. 15% தள்ளுபடியும் இதே கதைதான். எந்த விலையில் இருந்து 15% என்று தெரியாத வரைக்கும் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

வீட்டில் இருந்தே செய்யக்கூடியது இதுதான். ஆன்லைனில் சர்டிபிகேட்டோட தனிக்கல் விக்கிற பெரிய கடைகளில் தேடுங்க: இயற்கை வைரம், ரவுண்ட், 0.46 முதல் 0.49, ஜி, விஎஸ் 2, கட் எக்ஸலண்ட், ஐஜிஐ, பளோரசன்ஸ் (புற ஊதா ஒளியில் ஒளிர்றது) இல்லாதது. ஏழெட்டுக் கல்லின் விலையை எழுதி, ஒவ்வொண்ணையும் அதன் எடையால் வகுத்து, கேரட் ரேட்டாக ஆக்குங்க. ரொம்பக் குறைஞ்சதையும் ரொம்பக் கூடினதையும் தள்ளிட்டு நடுவில் உள்ளதை எடுத்துக்கோங்க. ஜிஎஸ்டி சேர்ந்த விலையா இல்லையா என்று மறக்காமப் பாருங்க. கையில் எடுத்துப் பாத்து வாங்குற கடைக்கு அதைவிட 10, 15% கூட இருந்தால் நான் குத்தம் சொல்ல மாட்டேன். அதுக்கு மேல போனால் கடைக்காரர் காரணம் சொல்லியாகணும்.

ஆசாரி பட்டறை

கல்லைப் பத்தி அண்ணாச்சி சொல்லியாச்சு, நான் தங்கத்தைச் சொல்லுதேன்.

முதல் வரியே தப்பு. 3.920 கல்லோட சேந்த மொத்த எடை. அதை அப்படியே தங்க ரேட்டால பெருக்கிருக்காவ. 1 கேரட் 0.2 கிராம். நடுக்கல் 0.48, சுத்துக்கல் 0.12, ரெண்டும் சேந்து 0.60 கேரட், அதாவது 0.120 கிராம். கழிச்சா தங்கம் 3.800 கிராம்தான். வைரத்துக்கு ஒரு தடவை காசு வாங்கிட்டு, அதே எடைக்குத் தங்கக் காசும் வாங்குதாவ. 1,200 ரூவா, அதுக்கு மேல சேதாரம் 216. பில்லுல தங்கத்தோட நிகர எடை, தூய்மை, ஹால்மார்க் கட்டணம் மூணும் தனித்தனியா காட்டணும்னு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) விதியே இருக்கு. "நெட் வெயிட் எவ்வளவு?"ன்னு கேட்டாப் போதும், மாத்திருவாவ.

அடுத்தது சேதாரமும் செய்கூலியும் ரெண்டும் போட்டிருக்கது. இப்ப வருத வைர மோதிரம் முக்காவாசி காஸ்டிங், அதாவது அச்சுல ஊத்தி எடுக்கது. அதுல தங்கம் நெசமாக் கழியது கொஞ்சம்தான். சேதாரம்னு போடுததே கூலியும் லாபமும் சேந்த எண்ணுதான். 18% வாங்குனா செய்கூலியை எடுக்கச் சொல்லுங்க, இல்ல செய்கூலி வாங்கிட்டு சதவீதத்தைக் குறைக்கச் சொல்லுங்க. இங்கதான் கடைக்காரருக்கு விட்டுக்குடுக்க இடம் இருக்கு. கல்லோட விலையில ஆயிரம் ரூவா குறைக்க அரை மணி நேரம் பேசுதவர், சேதாரத்துல ரெண்டு சதவீதத்தை டக்குனு குறைச்சிருவார்.

சர்டிபிகேட் 1,500ஐயும் கேளுங்க. தனிக்கல்லுக்கான சர்டிபிகேட் கல் கடைக்கு வரும்போதே கூட வாறது. மோதிரம் கட்டுனதுக்கு அப்புறம் முழு நகைக்கும் வாங்குத அட்டைன்னா அது வேற. அதுல கல்லைக் கழட்டாம அளந்துதான் எடை சொல்லுவாவ, கலரையும் ஜி-எச்னு சேத்துத்தான் எழுதுவாவ. உங்களுக்கு வேண்டியது தனிக்கல் சர்டிபிகேட். அது கையில இருக்கும்போது இன்னொண்ணுக்கு எதுக்குக் காசு?

ஹால்மார்க் 45 சரி. மோதிரத்துக்கு உள்பக்கம் பிஐஎஸ் முத்திரை, 18K750, அந்த நகைக்கே உரிய, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி எண் மூணும் இருக்கான்னு பாத்து, அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்புல போட்டுப் பாருங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கிடுங்க, ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான். வைரத்தைப் பத்தி அது ஒண்ணும் சொல்லாது.

திருத்துன கணக்கு, செய்கூலியும் சர்டிபிகேட் காசும் எடுத்துட்டு, கேரட் ரேட்டை மாத்தாம: தங்கம் 38,000, சேதாரம் 6,840, நடுக்கல் 1,05,600, சுத்துக்கல் 9,600, ஹால்மார்க் 45. கூட்டுனா 1,60,085. ஜிஎஸ்டி 4,803. ஆக 1,64,888. பதினோராயிரத்துக்கு மேல குறையுது. இதுக்கு அப்புறம்தான் கேரட் ரேட்டைப் பேசணும்.

தாமிரபரணிக்காரன்

ரொம்ப நன்றி அண்ணாச்சி. இன்னும் ரெண்டு சந்தேகம். அதே கடையில 47 சென்ட்ல இன்னொரு கல் காட்டி, "இது புளூ ஜாகர், இதுக்கு விலை கூட"ங்காவ. வண்ணார்பேட்டையில ஒரு ஷோரூம்ல லேப்ல வளத்த வைரம் இதே சைஸ் ரொம்பக் குறைவாச் சொல்லுதாவ. ரெண்டையும் எப்படி நம்பது?

பாளை லூப்

புளூ ஜாகர் என்பது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டைன் சுரங்கத்தில் கிடைத்த நீலச் சாயல் கல்லுக்கு வைத்த பெயர். நம்ம ஊரில் வைரத்தோடு, பேசரி வாங்குகிற குடும்பங்களில் இந்தப் பெயருக்குப் பெரிய மரியாதை உண்டு. ஜிஐஏ, ஐஜிஐ சர்டிபிகேட் எதிலும் இப்படி ஒரு தரம் கிடையாது. அந்த 47 சென்ட் கல்லின் சர்டிபிகேட்டை வாங்கி பளோரசன்ஸ் என்ற வரியைப் பாருங்கள். "ஸ்ட்ராங் புளூ" என்று இருந்தால் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் கல் என்று அர்த்தம். மொத்த வியாபாரத்தில் ஜி கலர் கல்லுக்கு அது விலையைக் குறைக்கிற அம்சம். சில கற்கள் வெயிலில் எண்ணெய் தடவினாற்போல் மங்கித் தெரியும். கல்லைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, நேர் வெயிலிலும் பிறகு நிழலிலும் பாருங்கள். மங்காமல் இருந்து உங்களுக்குப் பிடித்தால் வாங்கலாம், ஆனால் கூடுதல் விலைக்கு வாங்காதீர்கள்.

முதல் கல்லின் சர்டிபிகேட்டிலும் இதே வரியைப் பாருங்கள், நீங்கள் எழுதியதில் அது விட்டுப்போயிருக்கிறது.

லேப் வைரம் போலி அல்ல. அதுவும் கார்பன்தான், வைரத்தின் அதே கட்டமைப்புதான். 2023 பட்ஜெட்டைத் தொடர்ந்து ஐஐடி மெட்ராஸில் இதற்கென ஆராய்ச்சி மையத்துக்கு மத்திய அரசு ஐந்து ஆண்டுகளுக்கு 242.96 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆனால் விலை இயற்கை வைரத்தைவிட மிகக் குறைவு, இன்னும் இறங்கியும் வந்திருக்கிறது. லேப் விலையை இயற்கை விலையோடு ஒப்பிட்டு "அந்தக் கடை கொள்ளையடிக்கிறது" என்று முடிவு செய்யாதீர்கள், இரண்டும் தனித்தனிச் சந்தை. லேப் வாங்குவதாக இருந்தால் லேப் கடைகளுக்குள்ளேயே விலையை ஒப்பிடுங்கள்.

கவலைப்பட வேண்டியது, இயற்கை விலை கொடுத்து லேப் கல் கையில் வந்துவிடக் கூடாது என்பதற்குத்தான். கடையில் பேனா மாதிரி ஒரு டெஸ்டரை வைத்து "பீப்" சத்தம் காட்டுவார்கள். அது கல் வெப்பத்தைக் கடத்துகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. லேப் வைரத்துக்கும் அடிக்கும், பல டெஸ்டர்களில் வைரம் மாதிரியே தெரியும் மொய்சனைட் என்ற வேறு கல்லுக்குமே அடிக்கும். அதனால் கல்லின் விளிம்பில் லேசரில் பொறித்த எண்ணை 10 மடங்கு பெருக்கிக் காட்டும் லூப் கண்ணாடியில் நீங்களே படியுங்கள். கல்லைப் பக்கவாட்டில் பிடித்து மெதுவாகத் திருப்பினால் இடுப்புப் பகுதியில் தலைமுடியைவிட மெல்லிய எழுத்து தெரியும். அந்த எண்ணை சர்டிபிகேட் தந்த லேபின் இணையதளத்தில் போட்டு எடை, அளவு, கலர் எல்லாம் வரிக்கு வரி ஒன்றா என்று பாருங்கள். ஐஜிஐயின் லேப் வைர எண் எல்ஜி என்று தொடங்கும்.

எண் பொருந்தினால் மட்டும் போதாது. இயற்கைக் கல்லின் எண்ணை லேப் கல்லில் பொறித்து விற்ற மோசடிகளை சர்டிபிகேட் தரும் லேப்களே கண்டுபிடித்திருக்கின்றன. கல்லைக் கட்டும் முன் கடையில் உள்ள கேஜால் விட்டத்தையும் உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். 5.02, 5.05, 3.12 வர வேண்டும். சர்டிபிகேட்டில் குறைகளின் படம் இருந்தால் அதே இடத்தில் அதே குறை இருக்கிறதா என்று லூப்பில் பாருங்கள். இந்த மூன்றும் ஒரே கல்லில் பொருந்துவது போலியில் கடினம்.

சுத்துக்கல் ஒவ்வொன்றும் 1 சென்ட், 1.3 மி.மீ. தான். அதற்குத் தனி சர்டிபிகேட் வராது. இயற்கையோடு லேப் கலந்து வருவது இந்தச் சின்னக் கற்களில்தான் அதிகம். பெரிய கடைகளில் பிரித்துப் பார்க்கும் ஸ்கிரீனிங் மெஷின் இருக்கும், அதில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் நடுக்கல், சுத்துக்கல் இரண்டுக்கும் "இயற்கை வைரம்" என்று எழுதி வாங்குங்கள்.

ஆசாரி பட்டறை

கட்டுத பாணியையும் பாத்துக்கிடுங்க. நடுக்கல்லுக்கு அடிப்பக்கம் திறந்திருக்கணும். மூடிக் கட்டுனா கலரும் தெரியாது, அழுக்கு ஏறுனா கழுவவும் முடியாது. தினமும் போடுத மோதிரம்னா நாலு பிடியைவிட ஆறு பிடி நல்லது, ஒண்ணு தேஞ்சாலும் கல் நிக்கும். வாங்கும்போது பஞ்சுத் துணியால கல்லைச் சுத்தித் துடைச்சுப் பாருங்க. நூல் மாட்டுனா பிடி சரியா மடங்கல, அங்கனயே திருப்பிக் குடுங்க.

இன்னொரு வழியும் இருக்கு. சர்டிபிகேட்டோட தனிக்கல்லா வாங்குனா ஜிஎஸ்டி 1.5%தான். அப்புறம் நம்பிக்கையான பட்டறையில தங்கம் போட்டுக் கட்டலாம். ஆனா கட்டும்போது கல்லுல சிராய்ப்பு வந்தா யார் பொறுப்புன்னு முன்னாலயே பேசிக்கிடணும்.

தாமிரபரணிக்காரன்

கடையில "எப்ப வேணாலும் திருப்பி எடுத்துக்கிடுவோம்"னும் சொல்லுதாவ. அதுக்காக விலையில கொஞ்சம் விட்டுக்குடுக்கலாமா?

நோட்டக்காரர்

வாய்ச்சொல்லுக்கு விட்டுக்குடுக்க வேண்டாம். மாத்தி வேற நகை எடுத்தால் எத்தனை சதவீதம், பணமாகக் கேட்டால் எத்தனை சதவீதம், ரெண்டையும் தனித்தனியாகக் கேளுங்க. அது பில்லில் போட்ட வைர விலையிலா, இல்லை அன்னைக்கு அவங்க சொல்ற ரேட்டிலா என்பதையும் கேளுங்க. அன்றைய ரேட் என்றால் அதை முடிவு பண்றது அவங்கதான். சேதாரம், செய்கூலி, ஜிஎஸ்டி எதுவும் திரும்ப வராது. ஒரு கடை வைரத்தை இன்னொரு கடையில் கொண்டுபோனால் நல்ல விலை கிடைக்கிறது அரிது, அதனால் இந்த வாக்குக்கு மதிப்பு இருக்கு, ஆனா எழுத்தில் இருந்தால்தான். சுத்துக்கல்லுக்கும் உண்டா, அசல் சர்டிபிகேட் தொலைஞ்சால் எடுப்பாங்களா என்றும் கேட்டு, பில்லின் பின்பக்கம் எழுதி, கடை சீல் வச்சு வாங்கிக்கோங்க. அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாலயே இதைச் செய்யணும்.